அத்தியாயம் 7: செந்தேளை வைத்திருப்பவர் கவனத்துக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை தேளுக்குப் பஞ்சமில்லை. செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், வானூர்ச் செம்மண் மேடுகள், கல் குவாரி ஓரங்கள், சவுக்குத் தோப்புகள், வீட்டுக்குப் பின்னால் அடுக்கிய விறகு, கரும்புச் சோகைக் குவியல், மல்லாட்டைக் கொடிப் போர் என்று அது குடியிருக்க இங்கே ஆயிரம் இடம் உண்டு. அவற்றில் பெரும்பாலான தேள்கள் ஒரு ராத்திரி அழவைத்துவிட்டுப் போகிறவை. செந்தேள் மட்டும் உயிரை எடுக்கக்கூடியது.

இந்தச் செந்தேளைப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் விலங்கியல் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஆசை தவறில்லை. எட்டுக் காலோடு, முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு, புறஊதா (யு.வி.) ஒளி பட்டால் நீலப்பச்சையாகச் சுடர்விடும் உயிரைப் பார்த்தவருக்கு அதன்மேல் ஈர்ப்பு வருவது இயல்பு. ஆனால் பாதுகாப்பு பெட்டியோடு தொடங்குவதில்லை. கொட்டினால் எந்த வழியாக எந்த மருத்துவமனைக்குப் போவது என்பது, தேள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் வரிசையும் அதுதான்.

1. முதலில் எந்தத் தேள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் அதிகம் பயப்படுவது நட்டுவாக்காலிக்கு. நண்டின் கால் போலப் பருத்த முன்கிடுக்கியும் கறுத்த பெரிய உடலும் பார்க்கவே அச்சம் தரும். அது கொட்டினால் வலி கடுமையாக இருக்கும். உயிருக்கு ஆபத்து மிக அரிது. செந்தேளோ அதைவிடச் சிறியது, ஐந்து முதல் ஒன்பது செ.மீ. நீளம்தான். முன்கிடுக்கி மெலிந்திருக்கும், வால் தடித்திருக்கும். கிடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் நஞ்சு குறைவு; கிடுக்கி மெலிந்து வால் பருத்திருந்தால் எச்சரிக்கை. இரையை நசுக்கிக் கொல்லும் தேளுக்கு வலுத்த கிடுக்கி போதும். மெலிந்த கிடுக்கி உள்ளது நஞ்சை நம்பி வாழ்கிறது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். செந்தேள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் இருக்கும், செம்பழுப்பாகவும் இருக்கும், சில இடங்களில் கறுத்தும் தெரியும். இதை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ், ஆண்டு 1798. இன்றைய அறிவியல் பெயர் ஹாட்டென்டோட்டா டாமுலஸ். பழைய நூல்களிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் பூத்தஸ் டாமுலஸ், மெசோபூத்தஸ் டாமுலஸ் என்ற பெயர்களில் இருப்பதும் இதே தேள்தான். தேடிப் படிப்பவர் மூன்று பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. யார் வைத்திருக்கக் கூடாது

வீட்டில் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் செந்தேளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம். தேள் ஒரு கொட்டில் இறக்கும் நஞ்சு பெரியவருக்கும் குழந்தைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அறுபது கிலோ உடம்பு தாங்குவதைப் பத்துக் கிலோ உடம்பு தாங்காது. செந்தேள் கொட்டி இறந்தவர்களில் குழந்தைகளே அதிகம் என்பதை இந்திய மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசைப்பட்டு வளர்ப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடக் கூடாது.

இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தாலும் வேண்டாம். வாடகை வீட்டில் உரிமையாளருக்குத் தெரியாமலும், விடுதி அறையில் அறைத் தோழர்களுக்குத் தெரியாமலும் வைத்திருப்பதும் கூடாது. ஒளித்து வைப்பவர், கொட்டினாலும் தேள் கொட்டிய திருடன்போல வாயை மூடிக்கொண்டிருப்பார். அந்த மௌனம்தான் உயிரைக் குடிக்கும்.

இவை எல்லாம் போக, தனியாகப் பூட்டக்கூடிய அறையும், கூடவே இருந்து உதவ விவரம் தெரிந்த இன்னொருவரும் உள்ளவர் மட்டும் அடுத்த பகுதிக்கு வாருங்கள். மற்றவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதி இருக்கிறது. செந்தேளை ரசிப்பதற்கு அதுவே மேலான வழி.

3. சட்டம்

காப்புக்காட்டில் இருந்து அனுமதியில்லாமல் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. பட்டா நிலத்தில் பிடிப்பதானாலும் விழுப்புரம் வன அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே பிடியுங்கள். கல்லூரி ஆய்வுக்கு என்றால் துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள்.

வெளிநாட்டுத் தேள்களை விற்கிறவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாத வெளிநாட்டுத் தேளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் நஞ்சுக்கு நம் மருத்துவமனையில் முறிவு மருந்தும் இருக்காது.

குறிப்பிட்ட எடைக்கு மேல் தேள் கிடைத்தால் லட்சக்கணக்கில் பணம் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை நம்பி யாரும் கல்லைப் புரட்டப் போக வேண்டாம். தேளின் நஞ்சுக்கு ஆய்வகத்தில் மதிப்பு உண்டு என்பது உண்மை. செந்தேளின் நஞ்சிலிருந்து 1990-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஐபீரியோடாக்ஸின் என்ற புரதத்தை உலகெங்கும் நரம்பு ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆய்வகம் எதுவும் தெருவில் தேள் வாங்குவதில்லை.

4. பெட்டிக்கு முன் மருத்துவமனை

விழுப்புரம் பக்கம் இருப்பவருக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை நெடுஞ்சாலையிலேயே உள்ளது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குள் நுழையும் சாலையிலேயே கோரிமேட்டில் ஜிப்மர். அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் 1980-களிலிருந்தே தேள்கடி பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதிவருகிறார்கள்.

தேள் வருவதற்கு முன் ஒரு நாள் உங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கு நேரில் போய் நான்கு கேள்வி கேளுங்கள்:

- செந்தேள் கொட்டினால் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கிறதா?
- தேள் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?
- இதயத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் வசதியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவில் இயங்குமா?
- குழந்தைகளுக்குத் தனி மருத்துவர் இரவில் இருப்பாரா?

பாம்புக்கடிக்குப் போடும் முறிவு ஊசி தேளுக்கு வேலை செய்யாது. அது நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சுக்கென்று தயாரிக்கப்படுவது. கிடைத்த விடைகளைத் தேதியோடு எழுதி, 108 என்ற எண்ணோடு சேர்த்துப் பெட்டி இருக்கும் அறையின் கதவில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் எந்த வண்டியில் போவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

5. பெட்டி

கண்ணாடியிலும் வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் செந்தேளால் ஏற முடியாது. சொரசொரப்பான எதிலும் ஏறும். கண்ணாடித் தொட்டியின் மூலைகளில் ஒட்டப்பட்டிருக்கும் சிலிக்கான் பசையைப் பிடித்தும் மேலே வந்துவிடும். அதனால் மூலையில் ஒட்டு இல்லாத, ஒரே வார்ப்பாக வந்த, தெளிவான பிளாஸ்டிக் பெட்டிதான் நல்லது.

- அளவு: ஒரு தேளுக்கு முப்பது செ.மீ. நீளம், இருபது செ.மீ. அகலம், இருபது செ.மீ. உயரம் தாராளம். ஒரு பெட்டியில் ஒரு தேள் மட்டும். இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.
- மூடி: இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும் மூடி வேண்டும். வெறுமனே அழுத்தி மூடுவது போதாது.
- காற்று: மூடியில் துளை போட்டு, உள்பக்கம் நெருக்கமான இரும்பு வலை ஒட்டுங்கள். வலைக் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. காரணம் எட்டாம் பகுதியில் வருகிறது.
- தரை: தேள் பிடித்த இடத்துச் செம்மண்ணையும் மணலையும் வெயிலில் காயவைத்து ஆறு செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள்.
- ஒளிவிடம்: ஓட்டுத் துண்டு ஒன்று போதும். அதன்மேல் தேள் எழுந்து நின்றாலும் மூடி எட்டாத உயரம் இருக்க வேண்டும்.
- இரண்டாவது பெட்டி: இந்தப் பெட்டியைப் பூட்டு போடக்கூடிய பெரிய பெட்டிக்குள் வையுங்கள். முதல் மூடியை மறந்தாலும் இரண்டாவது காப்பாற்றும்.
- எழுத்து: தேளின் பெயர், பிடித்த இடம், தேதி, "ஆபத்து, திறக்காதே" என்ற சொல், 108.

அறைக் கதவின் அடியில் உள்ள இடைவெளியை ரப்பர் பட்டை கொண்டு அடையுங்கள். தரையில் துணி, செருப்பு, புத்தகக் குவியல் எதுவும் வேண்டாம். தேள் தப்பினால் அது போய் ஒளியும் இடங்கள் இவைதான்.

6. திறக்கும் முறை

செந்தேளைக் கையால் தொடும் வேளை ஒன்றுகூட இல்லை. கையுறை போட்டும் வேண்டாம். துணி உறையைக் கொடுக்கு துளைக்கும், தடித்த தோல் உறை போட்டால் விரலுக்குப் பிடி தெரியாது. முப்பது செ.மீ. நீளமுள்ள ஃபோர்செப்ஸ் ஒன்றும், மூடியோடு கூடிய தெளிவான டப்பா ஒன்றும் போதும். தேளை இடம் மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டியான அட்டையை நுழையுங்கள்.

ஒவ்வொரு முறையும் இதே வரிசை:

1. கூட ஒருவர் இருக்கிறார் என்று உறுதி செய்யுங்கள். தூக்கக் கலக்கத்திலும் மது அருந்தியும் பெட்டிப் பக்கம் போகாதீர்கள்.
2. மூடிய காலணி போடுங்கள்.
3. மூடியைத் திறப்பதற்கு முன், தேள் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஓட்டுக்கு அடியில் இருந்தால் யு.வி. டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள்.
4. தேள் இருக்கும் இடம் தெரியவில்லை என்றால் திறக்காதீர்கள்.
5. பெட்டியை அகலமான வெள்ளைத் தொட்டிக்குள் வைத்துத் திறங்கள். தவறி வெளியே வந்தாலும் தொட்டியைத் தாண்டாது, வெள்ளைப் பரப்பில் உடனே தெரியும்.
6. மூடிய பிறகு மீண்டும் தேளைப் பாருங்கள். பார்த்தேன் என்று நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

நாள் கூடக்கூட விபத்து வாய்ப்பும் கூடும். முதல் மாதத்தில் இருக்கும் பயம் ஆறாம் மாதத்தில் இருக்காது. அப்போதும் கையை நிறுத்தி வைப்பது இந்த வரிசையும் நோட்டும்தான்.

7. தீனி, தண்ணீர், எறும்பு

ஏழு முதல் பத்து நாளைக்கு ஒரு பூச்சி போதும். பாச்சை, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி எதுவானாலும் தேளின் உடலைவிடச் சிறியதாக இருக்கட்டும். நெல், மல்லாட்டை, கத்தரி வயல்களில் பிடித்த பூச்சியைப் போடாதீர்கள். அதன் உடலில் பூச்சிமருந்து இருக்கலாம். மறுநாள் மீந்ததை ஃபோர்செப்ஸால் எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடியில் கூழாங்கல் போட்டு நிரப்பினால் போதும். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் தேளுக்கு நோய் வரும்.

நம் வெப்பம் செந்தேளுக்குப் பழகிய வெப்பம். தனியாக விளக்கு வேண்டாம். நேர் வெயில் பட்டால் மூடிய பெட்டிக்குள் சில நிமிடத்தில் செத்துவிடும். கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கும் அறையில் வைக்காதீர்கள். எறும்பு மொய்த்தால் தேளால் தாக்குப்பிடிக்க முடியாது. மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

8. சினைத் தேள்

தேள் முட்டையிடுவதில்லை, குஞ்சு போடும். காட்டில் பிடித்த பெண் தேள் சினையாக இருக்கும் வாய்ப்பு அதிகம், வெளியே பார்த்துச் சொல்வதும் கடினம். ஒரு காலையில் பெட்டியைப் பார்த்தால் தாயின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பல குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் தோலை உரிக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறங்கி நடக்கும். அகலமான துளை வழியே அவை வெளியே போய்விடும். வலைக் கண் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றது இதனால்தான்.

குஞ்சு போட்டால் தாயைத் தொந்தரவு செய்யாதீர்கள். கலக்கினால் குஞ்சுகளையே தின்றுவிடும். எல்லாவற்றையும் வளர்க்கும் எண்ணமும் வேண்டாம். குஞ்சுகள் முதுகில் இருக்கும்போதே பெட்டியோடு கொண்டுபோய், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். யாருக்கும் குஞ்சைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். உங்கள் பெட்டியும் நோட்டும் அவர் வீட்டில் இருக்காது.

9. கொட்டினால்

செந்தேள் நஞ்சு நரம்பு நுனிகளைத் தூண்டி, அட்ரினலின் போன்ற சுரப்புகளை ரத்தத்தில் வெள்ளமாகக் கொட்டவைக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இதயம் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் திணறுகிறது. கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது. இறப்பு நேர்வது பெரும்பாலும் இதனால்.

இந்த இயக்கத்தைக் கண்டு மருந்து சொன்னவர் மகாராஷ்டிரத்தில் மகாட் வட்டாரத்தில் பணியாற்றிய கிராமத்து மருத்துவர் இம்மத்ராவ் பாவஸ்கர். 1976-இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தவர் தேள்கடியால் குழந்தைகள் சாவதைக் கண்ணெதிரே பார்த்தார். இரவு முழுக்கப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோய்க்குறிகளைக் குறித்தார். 1982-இல் லான்செட் இதழில் அவற்றை வெளியிட்டார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இந்தச் சுரப்பு வெள்ளத்துக்கு எதிராக வேலை செய்யும் என்று காட்டி, 1986-இல் அதே இதழில் எழுதினார். அவர் பகுதியில் கடும் நச்சேறியவர்களில் முப்பது சதவீதத்துக்கும் மேல் இருந்த இறப்பு, காலத்தில் பிரசோசின் பெற்றவர்களிடம் ஒரு சதவீதத்துக்கு அருகில் இறங்கியது. 2011-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த அவருடைய ஆய்வில், பிரசோசினோடு தேள் முறிவு மருந்தும் பெற்றவர்களில் 91 சதவீதத்தினர் பத்து மணி நேரத்துக்குள் தெளிந்தார்கள். பிரசோசின் மட்டும் பெற்றவர்களில் அது 23 சதவீதம். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. "காலத்தில்" என்ற ஒரு சொல்லில்தான் இந்த வெற்றி முழுவதும் நிற்கிறது.

ஆபத்துக் குறிகள்: உடம்பெல்லாம் கொட்டும் வியர்வை, வாந்தி, வாயில் எச்சில் ஊறுதல், கைகால் சில்லிடுதல், ஆண்களுக்கும் ஆண் குழந்தைகளுக்கும் ஆணுறுப்பு விறைத்து நிற்பது, படபடப்பு, மூச்சு வாங்குதல், இருமலில் இளஞ்சிவப்பு நுரை. வலியை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். கடும் வலி மட்டும் இருந்து வேறு குறி இல்லாதவர் பெரும்பாலும் தேறிவிடுவார். வலி குறைவாகச் சொல்லி, வியர்த்துக் கைகால் சில்லிட்டவரே உடனடி ஆபத்தில் இருப்பவர்.

செய்ய வேண்டியவை: கூட இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். மோதிரம், வளையல், மெட்டி இருந்தால் கழற்றுங்கள். கொட்டிய இடத்தை அசைக்காதீர்கள். பெட்டி மூடியிருக்கிறதா என்று மற்றவர் பார்க்கட்டும். 108-ஐ அழைத்து "செந்தேள்" என்ற சொல்லையும் கொட்டிய நேரத்தையும் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வையுங்கள். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

செய்யக் கூடாதவை: கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, புளியங்கொட்டை உரசி வைப்பது, மந்திரிக்கக் கூட்டிப்போவது. இதற்கெல்லாம் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் நிமிடம். பிரசோசினைத் தானாக வாங்கி விழுங்குவதும் ஆபத்து. முதல் மாத்திரையிலேயே ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். மருத்துவர் பார்வையில், படுத்த நிலையில் கொடுக்க வேண்டிய மருந்து அது.

குறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய் இருபத்துநான்கு மணி நேரம் கண்காணிப்பில் இருங்கள். தேள் உங்களுடையதுதான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் தேள் என்று தெரிந்தால் அவர் வேலை பாதி குறையும்.

10. திருப்பி விடுவதும் இரவு நடையும்

வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கத்தை இங்கே பின்பற்றலாம். பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரத்தில் சிலமுறை நஞ்செடுத்து, அடையாளம் இட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தேளுக்கும் அதே முறை பொருந்தும். சில வாரம் வைத்துப் பாருங்கள், வரையுங்கள், எழுதுங்கள், பிடித்த அதே கல்லுக்கு அடியில் விடுங்கள். வேறு ஊரில் விடாதீர்கள். வெளிநாட்டுத் தேளை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விடாதீர்கள்.

பெட்டியே வேண்டாம் என்பவருக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான யு.வி. டார்ச் ஒன்றை வாங்குங்கள். நிலாவில்லாத இரவில் அனுமதி உள்ள நிலத்தில், முழங்கால்வரை மூடும் காலணியோடு இருவராக நடங்கள். தேளின் மேல்தோலில் உள்ள பொருட்கள் அந்த ஒளியில் நீலப்பச்சையாகச் சுடர்வதால் பல அடி தள்ளியே தெரிந்துவிடும். அண்மையில் தோலுரித்தது மட்டும் ஒளிராது, ஆகவே ஒளிரவில்லை என்பதால் தேள் இல்லை என்று எண்ணிக் கை வைக்காதீர்கள். கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் அதே வேளையில் நடமாடும். காலடிக்குச் சாதா டார்ச்சும் வேண்டும். கல்லைப் புரட்டுவதானால் எதிர்ப்புற விளிம்பை நீளக் கம்பியால் உங்கள் பக்கம் தூக்குங்கள். கல் உங்களுக்குக் கேடயமாக நிற்கும், உள்ளே இருப்பது எதிர்ப்புறம் போகும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

ஒரு பெட்டியில் ஒரு தேளைத்தான் பார்க்க முடியும். ஒரு இரவு நடையில் வேட்டையாடும் தேள், இணை தேடும் தேள், குஞ்சு சுமக்கும் தேள் என்று பலவற்றைப் பார்க்கலாம். வீட்டில் பூட்டும் வேண்டாம், குழந்தைக்கு ஆபத்தும் இல்லை. செந்தேளோடு பழக விரும்பும் இளைஞர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பெட்டியைப் பற்றி யோசிப்பது, ஒரு பருவம் முழுக்க இப்படி நடந்து பார்த்த பிறகு இருக்கட்டும்.